வெட்டாமல் விட்ட தாள்கள்

பயிற்சி வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். "அந்தக் காலத்துத் திருட்டுக் கேசட் ரெய்டு அனுபவம் நாலு சொல்லுங்க சார், சுவாரசியமா இருக்கும்" என்றீர்கள். சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் கேசட் மூட்டையோடு ஓடியவனை நான் துரத்திப் பிடித்த கதைக்கு எல்லோரும் கைதட்டினீர்கள். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்கவில்லை. சொல்ல வேண்டியதை விட்டுவிட்டுச் சொல்லத் தகுந்ததை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறோமே என்று எரிச்சலாக இருந்தது. அதனால் இதை எழுதி அனுப்புகிறேன். படித்த பிறகு, இந்தக் கிழவனைக் கூப்பிட்டதே தப்பு என்று தோன்றினால் தோன்றட்டும். இந்த வயதில் எனக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

உங்கள் அறையைப் பார்த்தேன். ஆளுக்கு இரண்டு திரை. திருட்டுத்தனமாக ஏற்றிய பாட்டு எங்கே கிடைக்கிறதென்று கண்டுபிடித்து, ஒரு பொத்தானை அழுத்தி நீக்கச் சொல்கிறீர்கள். "யார் மூஞ்சியையும் பாக்க வேண்டியதில்ல சார், அதுவே நிம்மதி" என்று ஒரு பெண் சொன்னாள். அம்மா, அந்த நிம்மதி எங்களுக்கு இல்லை. நாங்கள் முகத்துக்கு நேரே போய் நின்றோம்.

நான் விருதுநகர்க்காரன். ஒரு பாட்டுக் கம்பெனிக்கு எங்கள் மாவட்டப் பிரதிநிதியாக இருந்தேன். கடைகளுக்குக் கேசட், சி.டி. ஆர்டர் எடுப்பது ஒரு வேலை. இன்னொரு வேலை சிவகாசியில். கேசட் பெட்டிக்குள் நடிகர் படத்தோடு ஒரு வண்ண அட்டை வைப்பார்களே, இன்லே என்போம், எங்கள் கம்பெனிக்கு அதை அச்சடித்தது சிவகாசியில் ஓர் அச்சகம். அங்கே போய்ச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவன் நான்.

இரண்டாயிரத்து ஐந்தை ஒட்டி எங்கள் தொழிலின் கழுத்தில் கத்தி விழுந்தது. புதுப் படத்தின் பாட்டு கடைக்கு வருவதற்கு முன்பே இணையத்தில் வந்துவிடும். ஊருக்கு நாலு பிரவுசிங் சென்டர். ஒருவன் இறக்கினால் போதும், ஒரே சி.டி.யில் நூற்றைம்பது பாட்டைப் பதிந்து, 'எழுதி' என்போம், தெருவெல்லாம் விற்றுவிடுவார்கள். சென்னையிலிருந்து தினமும் போன். "உங்க ஏரியாவில என்னய்யா நடக்குது?" என்பார்கள். என்ன நடக்கிறது? உலகம் முழுக்க நடக்கிறதுதான் சாத்தூரிலும் நடந்தது. அதைச் சொன்னால் கோபம் வரும். ஆகவே பட்டியல் எழுதி அனுப்புவேன். இன்ன ஊரில் இன்ன கடையில் எழுதிக் கொடுக்கிறார்கள் என்று. பட்டியல் அனுப்பினால் இரண்டு வாரம் போன் வராது.

அந்தப் பட்டியலில் மாடசாமி பேரும் இருந்தது.

மாடசாமி கடை சிவகாசியிலிருந்து ஆனைக்குட்டம் போகும் பாதையில் ஒரு தெருவில் இருந்தது. கடை என்றால் வீட்டின் முன்னறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு கண்ணாடி அலமாரி. மேல் தட்டில் எங்கள் கம்பெனி ஒரிஜினல் கேசட்டுகளைத் துடைத்து அடுக்கியிருப்பார். கீழ்த்தட்டில் அவரே எழுதிய சி.டி.கள். நான் போனால் சட்டென்று கீழ்த்தட்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுவார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"என்ன மாடசாமி, துண்டு காயப் போட்டிருக்கா?"

"சார் பாத்தும் பாக்காம போறவுக. அதான் நானும் மூடியும் மூடாம வச்சிருக்கேன்" என்பார்.

அவருக்கு வலது கையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். வெடிக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தபோது தீப்பிடித்தது. கூட இருந்த இரண்டு பேர் போய்விட்டார்கள், இவர் கை கருகியதோடு தப்பித்தார். இடது கையால் கம்ப்யூட்டர் பழகிக்கொண்டு கடை போட்டார். மனைவி பொன்னுத்தாய் பின்னறையில் அக்கம்பக்கத்துப் பெண்களோடு உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுவார். கம்பியில் தாளைச் சுற்றி, பசை தடவி, உருவி அடுக்குகிற வேலை. அதில் மருந்து கிடையாது, தீ கிடையாது.

ஒருநாள் அவரே சொன்னார்: "நான் பட்டது போதும் சார். எம் பொஞ்சாதி மருந்து ரூமு வாசப்படிய மிதிக்கக் கூடாது. அவ குழாய் சுத்தட்டும், நான் இங்கன பாட்டு எழுதிக் குடுக்கேன். ரெண்டும் சேந்தாத்தான் அவள வீட்டோட வச்சுக்க முடியும். ஒண்ணு போனாலும் அங்கனதான் போகணும்."

கேட்டுக்கொண்டுதான் வந்தேன். அடுத்த மாதப் பட்டியலிலும் அவர் பேரை எழுதினேன். பட்டியலைப் பார்த்து யார் வரப்போகிறார்கள் என்கிற தைரியம்.

இப்போது தாள் விஷயம். அச்சு ஓடத் தொடங்கியதும் முதலில் வரும் சில நூறு தாள்களில் வண்ணம் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராது. கதாநாயகனுக்கு நாலு கண் இருக்கும், நாயகி உதடு கன்னத்தில் இருக்கும். அதெல்லாம் வேஸ்ட். அந்த வேஸ்ட் வெளியே போனால் கள்ளக் கேசட்காரன் கையில் கிடைத்துவிடும் என்பது கம்பெனி பயம். ஆகவே பிரதிநிதி முன்னிலையில் வேஸ்ட்டைச் சின்னாபின்னமாக வெட்டி, 'வெட்டி அழித்தாயிற்று' என்று ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று ஒப்பந்தம்.

சிவகாசியில் அச்சக வேஸ்ட்டை யாராவது வெட்டுவார்களா? அது அப்படியே முழுத் தாளாகக் குழாய் சுற்றும் வீடுகளுக்குப் போகும். அந்த ஊரில் அது காலங்காலமாக நடப்பது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வெடித்த வெடியைப் பிரித்துப் பார்த்திருந்தால் உள்ளே யாராவது ஒரு நடிகர் சிரித்துக்கொண்டிருப்பார்.

கட்டிங் மிஷின் பார்த்த அந்தோணி அண்ணன் முதல் தடவையே என்னிடம் கேட்டார்: "சார், வெட்டிப்புட்டா அதை வச்சு என்னத்தச் சுத்துவாக? பொம்பளைக அம்புட்டு பேரும் இதத்தான் நம்பி இருக்காக. நீங்களும் இந்தப் பக்கத்து ஆளு. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். வெட்டாமலே 'வெட்டியாயிற்று' என்று கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு மாதமும் போட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நம்ம ஊர் சனங்களுக்கு நம்மால் ஆன ஒரு நல்லது என்று.

அந்த வருடம் கம்பெனி பெரிதாக நம்பியிருந்த ஒரு படத்தின் பாட்டு, வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பே இணையத்தில் வந்துவிட்டது. சென்னையில் ஒரே கூச்சல். யாரையாவது பிடித்துக் காட்டியே ஆகவேண்டும். சட்டப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி புறப்பட்டு வந்தார். இளவயது, நல்ல ஆங்கிலம். எங்கள் பக்கத்து வெயிலைக் கண்டதே இல்லை. இன்லே அச்சாவது சிவகாசியில் என்று கேள்விப்பட்டதும் அவருக்குப் பொறி தட்டிவிட்டது. பாட்டும் அட்டையும் இங்கிருந்துதான் கசிகிறது என்று முடிவு கட்டிவிட்டார். என் பட்டியலை எடுத்தார், அச்சகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கடை எது என்று பார்த்தார். மாடசாமி கடை.

"சார், அது சின்னக் கடை" என்றேன்.

"லிஸ்ட்ல எழுதினது நீங்கதானே?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலை பத்து, பத்தரை இருக்கும். அதிகாரி, இன்ஸ்பெக்டர், இரண்டு போலீஸ்காரர்கள், நான். ஜீப்பைப் பார்த்ததும் மாடசாமி துண்டை எடுத்துக் கீழ்த்தட்டை மூடினார். பிறகு என்னைப் பார்த்தார். சாரும் இருக்கிறார், பரவாயில்லை என்பதுபோல் முகம் கொஞ்சம் தெளிந்தது.

கம்ப்யூட்டரில் அந்தப் படத்தின் ஆறு பாட்டும் இருந்தன. பிரவுசிங் சென்டரில் இறக்கி வாங்கி வந்தேன் என்று உடனே ஒப்புக்கொண்டார். அது தப்புதான். ஆனால் அன்றைக்கு அந்த ஆறு பாட்டும் மாவட்டத்தில் எல்லாக் கடையிலும் இருந்தன. கடையோடு முடிந்திருந்தால் ஓர் அபராதத்தோடு போயிருக்கும்.

அதிகாரி பின்னறைக்குள் நுழைந்தார். பொன்னுத்தாயும் மூன்று பெண்களும் தரையில் உட்கார்ந்து குழாய் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் இடுப்பளவுக்குத் தாள் கட்டு. மேலே அந்தப் படத்தின் இன்லே, வெட்டாத முழுத் தாள். அதிகாரி ஒன்றை உருவித் தூக்கிப் பிடித்தார்.

"பாட்டும் இருக்கு, அட்டையும் இருக்கு. இன்ஸ்பெக்டர் சார், இதுக்கு மேல என்ன வேணும்?"

"ஐயா, அது வேஸ்ட்டு. வெடிக்குச் சுத்துறது" என்றார் பொன்னுத்தாய். பசை ஒட்டிய கையோடு எழுந்து நின்றார். "இந்தா பாருங்க, பாதியச் சுத்தியாச்சு."

"கலரு கூட சரியா விழலயே" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் நிதானமான மனுஷர்.

"திருட்டுத்தனமா அடிச்சா இப்படித்தான் இருக்கும்" என்றார் அதிகாரி.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க இந்தப் பக்கத்து ஆளுதானே? அச்சகத்துக்கும் நீங்கதான் போறீங்க. இது என்ன தாளு? வேஸ்ட்ட இப்படி வெளிய விடுவீங்களா?"

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவையும் எழுதிக்கொண்டு வந்தேன். ஆமாம் சார், வேஸ்ட்தான், நான்தான் வெட்டாமல் விட்டேன் என்று ஒரு வரி. அதைச் சொன்னால் மாடசாமி அபராதம் கட்டிவிட்டுச் சாயங்காலம் கடையைத் திறந்துவிடுவார். என் வேலை அங்கேயே போய்விடும். பொய்க் கையெழுத்து, அதுவும் வருடக்கணக்காக. பாட்டைக் கசியவிட்டவனே நான்தான் என்றுகூட அதிகாரி திருப்பிவிடுவார். என் பெரிய மகள் அந்த வருடம்தான் காலேஜில் சேர்ந்திருந்தாள். இதெல்லாம் மனசில் ஓட எவ்வளவு நேரம் ஆகும்? எச்சில் விழுங்குகிற நேரம். மாடசாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிஜிஸ்டர்ல எல்லா வேஸ்ட்டும் வெட்டி அழிச்சதாத்தான் இருக்கு சார்" என்றேன்.

பாருங்கள், எவ்வளவு சாமர்த்தியமான வாக்கியம்! ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ரிஜிஸ்டரில் அப்படித்தான் இருந்தது. இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு மாடசாமியின் தோளைப் பிடித்தார். அதிகாரி என் முதுகில் தட்டினார். மாடசாமி வாசலை நோக்கி நடந்தார். பொன்னுத்தாய் மட்டும் "சார்... சார்..." என்று இரண்டு தடவை என்னைக் கூப்பிட்டார். நான் கீழே கிடந்த குழாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. கம்ப்யூட்டர், தாள் கட்டு, நடுவில் கை கட்டிய மாடசாமி. மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். அச்சக முதலாளியும் பயந்துபோய், எல்லாம் வெட்டித்தான் அனுப்பினோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். குழாய் சுற்றும் வீடுகளுக்கு அந்த அச்சகத்திலிருந்து தாள் போவது நின்றது. அதற்குப் பிறகு நிஜமாகவே வெட்டினார்கள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அந்தோணி அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

பாட்டு நின்றதா? மாடசாமி உள்ளே இருந்தபோதே, அவரை அடைத்து வைத்திருந்த கட்டிடத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் அதே படத்துப் பாட்டு போட்டார்கள். வெளியீட்டுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. கொஞ்ச மாதம் கழித்து, கசிவு எங்கிருந்து என்று தெரிந்தது. வெளிநாட்டு விற்பனைக்காக எங்கள் கம்பெனியே முன்கூட்டி அனுப்பிய பிரதியிலிருந்து யாரோ ஏற்றியிருக்கிறார்கள். அது கடல் தாண்டிய விவகாரம், யாரையும் பிடிக்க முடியாது என்று கோப்பை மூடிவிட்டார்கள். மாடசாமி வழக்கு மட்டும் திறந்தே கிடந்தது. வாய்தா, வாய்தா, வாய்தா.

சில வருடங்கள் போயின. கம்பெனி மனசு மாறிவிட்டது. இனி பாட்டை நாமே இணையத்தில் இலவசமாகப் போடுவோம், விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று முடிவெடுத்தார்கள். முதலில் ஏற்றிய படங்களில் அந்தப் படமும் ஒன்று. அதே ஆறு பாட்டு. பழைய வழக்குகளை மேற்கொண்டு நடத்த விருப்பமில்லை என்று எழுதிக் கொடுக்கும்படி உத்தரவு வந்தது. என் பழைய ஏரியா ஆயிற்றே, மாடசாமிக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை என் கையில் கொடுத்தார்கள். தபாலில் அனுப்பியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. நேரில் போனேன்.

கடை இல்லை. முன்னறையில் அரிசி மூட்டையும் சைக்கிளும் நின்றன. மாடசாமி தெருமுனையில் நிற்பதாகப் பக்கத்து வீட்டம்மா சொன்னார். "வேன் வார நேரம். அவரு அங்கனதான் நிப்பாரு."

வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். முடி நரைத்து, ஆள் பாதியாக இருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க சார், நல்லாருக்கீகளா?" என்றார், நேற்றுப் பார்த்தவர் மாதிரி. கடிதத்தைக் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். படிக்கவில்லை. அவர் கண் ரோட்டிலேயே இருந்தது.

"வேன் இந்நேரம் வந்திருக்கணும். அச்சங்குளம் பக்கம் வெடிக் கம்பெனி. மத்தியானம் எங்கயாச்சும் ஒரு சத்தம் கேட்டா இங்கன வந்து நின்னுருவேன் சார். இன்னைக்குச் சத்தம் ஒண்ணும் கேக்கல" என்றார்.

வேன் வரும்வரை நானும் நின்றேன். கால் மணி நேரம் இருக்கும். அதைவிட நீளமான கால் மணி நேரத்தை நான் கண்டதில்லை. வந்ததும் பத்துப் பதினைந்து பெண்கள் இறங்கினார்கள். கடைசியாகப் பொன்னுத்தாய். முழங்கை வரைக்கும் மருந்துப் பொடி ஒட்டி இரண்டு கையும் வெள்ளியாக மின்னின. மாடசாமி அப்போதுதான் மூச்சு விட்டார்.

பொன்னுத்தாய்க்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. நான் அவசரமாகச் சொல்லத் தொடங்கினேன். "அம்மா, அன்னைக்கு நான் சொல்லியிருக்கணும். அந்தத் தாளை வெட்டாம விட்டது நான்தான்..."

"அது எங்களுக்கு அன்னைக்கே தெரியும் சார்" என்றார் அவர். "தாளு கொண்டாந்து போடும்போதே அந்தோணி அண்ணன் சொல்லுவாரு, கம்பெனி சாரு நமக்காக வெட்டாம விடுறாரு, நல்ல மனுசன்னு. ஸ்டேசன்ல ரெண்டு நாளா கேட்டாக, தாளு யாரு குடுத்தா, யாரு குடுத்தான்னு. அடிச்சாக. இவரு சொல்லல. எடைக்குப் போடுற ஆளுகிட்ட வாங்குனேன், ஆளு யாருன்னு தெரியாதுன்னுட்டாரு. நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன், கம்பெனி சாரு பேரச் சொல்லித் தொலைங்களேன்னு. கேட்டாத்தானே."

"ஏ, சும்மா இரு. வந்த மனுசங்கிட்ட..." என்றார் மாடசாமி.

"சொல்லட்டும் மாடசாமி. நீங்க ஏன் என் பேரச் சொல்லல?" என்றேன்.

அவர் ஒட்டிய விரல்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நமக்கு நல்லது செஞ்சுதானே சார் மாட்டுனீக. நான் பேரச் சொன்னா உங்க வேல போயிரும். உங்களுக்கும் பிள்ளைக இருக்காக. ரெண்டு நாள்ல நீங்களே வந்து எடுத்துச் சொல்லிருவீகன்னு நெனச்சேன்."

பொன்னுத்தாய் கை கழுவ வீட்டுக்குள் போய்விட்டார். நானும் கிளம்பினேன். மாடசாமி பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. பஸ் வந்து நின்றபோது, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்து வைத்திருந்ததைப் போலக் கேட்டார்:

"அந்தத் தாளு விசயத்துல உங்க வேலைக்கு ஒண்ணும் வந்துறலயே சார்?"

"இல்லை" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். அந்த ரெய்டுக்காகத்தான் எனக்குப் பதவி உயர்வு கொடுத்து மதுரைக்கு மாற்றினார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை.